டவர் மீது போடும் வீண்பழி

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. மூன்றாவது வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்கப்போகிறார்களாம். அதைத் தடுக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு எழுதியிருந்தார்கள். ‘உயிர்க்கொல்லிக் கதிர்வீச்சு’ என்று முதல் வரியே முழங்கியது. கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் படித்து முடிப்பதற்குள் அவர் சட்டைப்பையில் போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டாம் தடவை எடுத்தார். “சரியாக் கேக்கல... இங்க சிக்னலே கிடையாது. இருங்க, வாசலுக்கு வரேன்” என்று படியிறங்கிப் போனார்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

மனு எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் தரப்பை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். டவரிலிருந்து வருவது கதிர்வீச்சு. கதிர்வீச்சு புற்றுநோய் தரும் என்று எக்ஸ்ரே அறைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே 2011-ல் ரேடியோ அலைகளைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. டவர் வந்தது, சிட்டுக்குருவி போனது. சிகரெட் கம்பெனிகள் பல காலம் உண்மையை அமுக்கி வைத்தன, போன் கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? நிரூபணம் இல்லையென்றே வைத்துக்கொள்வோம், ஜாக்கிரதையாக இருந்தால் என்ன நஷ்டம்? இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கோபமும் உண்டு. வாடகை ஒரு வீட்டுக்கு, பயம் நாற்பது வீட்டுக்கு. யாரும் நம்மைக் கேட்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. மற்றவை நிற்காது.

1. ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

அணுகுண்டுக்கும் இந்தச் சொல்தான், அடுப்புக் கனலுக்கும் இந்தச் சொல்தான், ரேடியோ பெட்டிக்கும் இதேதான். கல்பாக்கம், கூடங்குளம் என்று செய்தி கேட்டே பழகிய காதுக்கு அது அணுவுலையைத்தான் நினைவூட்டும். ஆனால் எக்ஸ்ரே செய்யும் காரியம் வேறு. அது அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிறது. மரபணு இழையை அறுக்கிறது. புற்றுநோய் அங்கே தொடங்குகிறது. அப்படிப் பிய்க்கச் சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பது 0.0000037. இருபத்தைந்து லட்சம் மடங்குக்கு மேல் பற்றாக்குறை. 5ஜிக்கு ஒதுக்கிய 26 கிகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு போதாது. உங்கள் வீட்டு டியூப்லைட்டின் பச்சை வெளிச்சத்தில் ஒரு ஃபோட்டானை எடுத்தால், அது அந்த 900 மெகாஹெர்ட்ஸ் ஃபோட்டானைவிட ஆறு லட்சம் மடங்கு வலுவானது. டியூப்லைட்டை எதிர்த்து மனு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்று இதற்குப் பதில் வரும். இருபத்துநாலு மணி நேரமும் வந்து விழுகிறதே, சேர்ந்துகொண்டே போகாதா? போகாது. மாமரத்தில் தொங்கும் காயை ஒரு கல் வீழ்த்தும். ஒரு வண்டி மல்லிகைப்பூவை ஒவ்வொன்றாக நாள் முழுக்க எறிந்தாலும் காம்பு அறாது. ஒளி இப்படித்தான் துணுக்கு துணுக்காக வேலை செய்கிறது, துணுக்கின் பலம்தான் கணக்கு, எண்ணிக்கை அல்ல என்று ஐன்ஸ்டீன் சொன்னது 1905-ல். அதற்காகத்தான் அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள்.

2. அப்படியானால் ரேடியோ அலை யாரையும் ஒன்றும் செய்யாதா? செய்யும். நன்றாகவே சுடும்.

டவர் ஆதரவாளர்கள் வழக்கமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். வலுவான ரேடியோ அலை உடம்பைச் சூடாக்கும். மூட்டுவலிக்கு பிசியோதெரபி நிலையத்தில் வைக்கிற ஷார்ட்வேவ் டயதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸில் இந்தச் சூட்டைத்தான் கொடுக்கிறது. கல்லீரல் கட்டிக்குள் ஊசியைச் செலுத்திச் சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாய்ச்சி, 60 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கட்டியைப் பொசுக்குகிறார்கள். பழைய மீடியம் வேவ் ரேடியோவில் முள்ளை இடது ஓரத்துக்குத் தள்ளினால் அதற்கும் சற்று அப்பால் இருக்கிற அலைவரிசை அது. மைக்ரோவேவ் அடுப்பு 2,450 மெகாஹெர்ட்ஸ். வைஃபை ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஓடுகிறது. அடுப்பில் 800 வாட்டை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். வைஃபை பெட்டி 0.1 வாட்டை வீடு முழுக்கத் தெளிக்கிறது. அலை ஒன்றுதான், அளவுதான் வேறு.

என் அக்காவுக்கு முதுகுத்தண்டில் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிப்போயிருந்தேன். தாலிச் சங்கிலி, மெட்டி, ஹேர்பின் எல்லாம் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்தாயிற்று. மேசையில் படுத்ததும் பயத்தில் இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோர்த்துக்கொண்டாள். டெக்னீஷியன் பையன் வந்து மெதுவாகப் பிரித்துவிட்டான். “கையக் கோக்காதீங்கம்மா, தனித்தனியா வெச்சுக்குங்க.” தொடைகளுக்கு நடுவிலும் ஒரு பஞ்சு மெத்தையைச் செருகினான். அக்கா அது வசதிக்கு என்று நினைத்தாள். அது வசதிக்கு அல்ல. கை கோர்த்தால் உடம்பே ஒரு வளையமாகிறது. ரேடியோ அலை அந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். தோலும் தோலும் தொடும் இடத்தில் சுட்டுவிடும். அப்படிக் கொப்புளம் கண்ட நோயாளிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்.

1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. எந்திரம் உடம்புக்குள் செலுத்துவது 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும் பதில்தான் படமாகிறது. (அந்த டம்டம் சத்தம் அலையின் சத்தமில்லை, காந்தச் சுருள்கள் அதிர்வது.) சாதாரண நிலையில் உடம்பு முழுவதற்கும் கிலோவுக்கு 2 வாட் வரை அனுமதி. அறுபது கிலோ அக்காவுக்கு 120 வாட், அதாவது இரண்டு அறுபது வாட் குண்டு பல்பு. டவருக்கு 2012-ல் இந்திய அரசு வைத்த வரம்பு உடம்பில் இறங்குவதாகக் கணக்கிட்டால் கிலோவுக்கு 0.008 வாட்; அக்காவுக்கு மொத்தம் அரை வாட்டுக்கும் கீழே. 250 மடங்கு வித்தியாசம்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து மெட்டியை மாட்டிக்கொண்டே அக்கா கேட்டாள்: “டவர் மனுவில நீ ஏன் கையெழுத்துப் போடல?”

எம்.ஆர்.ஐ. அரை மணி, டவர் ஆயுள் முழுக்க என்பீர்கள். சூடுதான் தீங்கு என்றால் அது இறங்க இறங்க ரத்த ஓட்டம் அள்ளிக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர் பத்து வருஷம் வெதுவெதுப்பாகவே இருந்தாலும் ஒரு நாளும் கொதிக்காது.

3. எவ்வளவு தூரத்தில் என்று கேட்காமல் எவ்வளவு சக்தி என்று கேட்பதில் அர்த்தமில்லை.

2020 ஏப்ரல் 28-ம் தேதி நம் பால்வீதியிலேயே, சுமார் 30,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு காந்த விண்மீன் ஒரு ரேடியோ வெடிப்பை உமிழ்ந்தது. சூரியன் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கொட்டும் ஆற்றலை அது ஓரிரு மில்லி விநாடியில், ரேடியோ அலையாக மட்டுமே கொட்டியது. அது பூமி வழியாகவும் கடந்து போனது. உங்களுக்குத் தெரிந்ததா? வட அமெரிக்காவில் இரண்டு கருவிகள் காத்திருந்ததால் நமக்குச் செய்தி வந்தது. தூரம் இரட்டித்தால் வீரியம் கால் பங்காகும். இந்த விதிக்கு விண்மீனும் ஒன்றுதான், மொட்டைமாடி ஆன்டெனாவும் ஒன்றுதான்.

டவரில் ஒரு ஒலிபரப்பிக்கு 20 வாட் என்பது வழக்கமான கணக்கு. தூத்துக்குடி வானொலியின் மீடியம் வேவ் ஒலிபரப்பி 200 கிலோவாட், பத்தாயிரம் மடங்கு. கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையில் அதைக் கேட்டுக்கொண்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. 900 மெகாஹெர்ட்ஸுக்கு சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். 2012 செப்டம்பரில் இந்தியா அதைப் பத்தில் ஒரு பங்காக, 0.45 வாட்டாக, குறைத்தது. உச்சிவெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். குடையில்லாமல் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மீது இறங்குவது இந்த வரம்பைப் போல் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். வெயில் வேறு, ரேடியோ அலை வேறு என்றால் ஒப்புக்கொள்கிறேன். வெயிலில் புற ஊதா இருக்கிறது. தோல் புற்றுநோய் தரும் என்று நிரூபணமே உண்டு.

மனுவின் தலையெழுத்தையே மாற்ற வேண்டிய விஷயம் இனித்தான். போனும் டவரும் பேசிக்கொள்வது இருவழிப் பாதை. டவர் பக்கத்தில் இருந்தால் போன் முணுமுணுக்கும்; தூரத்தில் இருந்தால் கத்தும். பழைய ஜிஎஸ்எம் போன் கத்தினால் 2 வாட் வரை போகும், 4ஜி போன் 0.2 வாட் வரை. நல்ல சிக்னலில் அதில் மிகச் சிறு பங்கு போதும். டவர் வந்தாலும் ஐம்பது மீட்டருக்கு அப்பால்தான் இருக்கும். போன் காதில் ஒட்டியிருக்கிறது. வாசலுக்கு ஓடிப்போய் ‘ஹலோ ஹலோ’ என்ற ஆசிரியர் அந்த மாதம் முழுவதும் வாங்கிய ரேடியோ அலையில் பெரும்பங்கு அவர் சட்டைப்பையிலிருந்தே வந்திருக்கும். டவரைத் தெருவைவிட்டுத் துரத்தினால் அது கூடுமே தவிரக் குறையாது.

4. ‘உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.’ என்ன சொன்னது என்று படித்தீர்களா?

2011 மே மாதம் ரேடியோ அலையை வைத்தது 2பி பிரிவில். ‘இருக்கலாம்; போதிய சான்று இல்லை’ என்று அதற்குப் பொருள். அதே பிரிவில் கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த சில காய்கறிகளும் இருக்கின்றன. (நம் ஆவக்காய் இல்லை, சாப்பிடுங்கள்.) காப்பிகூட 2016 வரை அங்கேதான் இருந்தது, பிறகு விடுவித்தார்கள். சந்தேகமே இல்லாமல் புற்றுநோய் தரும் என்ற முதல் பிரிவில் இருப்பவை எவை? மது, புகையிலை, வெயில். கூடவே நம் தாம்பூலத் தட்டில் இருக்கும் பாக்கு. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் வாயில் அப்போது சீவல் இருந்தது என்று நான் எண்ணவில்லை.

அதே முதல் பிரிவில் 2012-ல் சேர்ந்தது டீசல் புகை. மின்சாரம் போனால் டவரின் அடியில் எது ஓடும்? டீசல் ஜெனரேட்டர். டவரில் நிரூபிக்கப்பட்ட புற்றுநோய்க் காரணி ஒன்று உண்டென்றால் அது உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. மனுவில் ஜெனரேட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

5. சிட்டுக்குருவியைக் கொன்றது யார்?

2018 நவம்பரில் வந்த ‘2.0’ படம் இந்தக் கேள்விக்குத் தீர்ப்பே எழுதிவிட்டது. நல்ல கிராபிக்ஸ். ஆனால் பிரிட்டனில் குருவிகள் குறையத் தொடங்கியது 1970-களில். அங்கே செல்போன் சேவை வந்தது 1985-ல். கொலை நடந்தபோது குற்றவாளி பிறக்கவேயில்லை. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. அதற்குப் பின் கால் நூற்றாண்டுப் பதிவுகளைத் திரட்டிய 2020-ன் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. குறைந்தது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில். டவர்கள் கிராமத்திலும்தான் இருக்கின்றன.

நகரத்தில் என்ன போயிற்று? எங்கள் பழைய ஓட்டு வீட்டில் தாத்தா பாட்டி கல்யாணப் போட்டோவைச் சுவரில் சாய்த்து மாட்டியிருப்பார்கள். பின்னால் ஒரு சாண் இடைவெளி. வருஷா வருஷம் அங்கே கூடு. வைக்கோல் துணுக்கு பாட்டியின் நெற்றிப் பொட்டு மேலேயே தொங்கும். யாரும் கலைக்க மாட்டோம். இப்போது அந்த வீடு நான்கு ஃபிளாட்டாகிவிட்டது. ஓட்டு இடுக்கு இல்லை, முற்றத்தில் நெல் புடைப்பதில்லை. குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் ஆகாது, புழுபூச்சிதான் வேண்டும். செடிக்கு மருந்தடித்து அதையும் முடித்துவிட்டோம். இத்தனையும் நாம் செய்தது. டவர் மீது பழியைப் போட்டால் நம் கை சுத்தமாகிவிடுகிறது. இந்தக் கதை இவ்வளவு தூரம் ஓடுவதற்கு அதுதான் காரணம் என்பது என் துணிபு.

ஒன்றை மறைக்கக் கூடாது. மின்காந்த இரைச்சல் ஐரோப்பிய ராபின் பறவையின் திசையறிவைக் குழப்புகிறது என்று ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகக் குழு 2014-ல் காட்டியது. பலமான ஆய்வு. ஆனால் குழப்பியது 5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இரைச்சல். மீடியம் வேவ் ரேடியோவும் மின்கருவிகளும் இருக்கும் இடம். செல்போன் அங்கே இல்லவே இல்லை.

6. ‘சிகரெட் கம்பெனி மாதிரி மறைக்கிறார்கள்.’ சிகரெட் கதையை யாராலும் கடைசிவரை மறைக்க முடியவில்லை. ஏன்? நுரையீரல் புற்றுநோய் ஆண்டுக்காண்டு ஏறியது. பிணங்களை மறைக்க முடியாது.

செல்போனுக்கு அந்த ஏற்றம் எங்கே? டென்மார்க்கில் 3,58,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வந்தது. பிரிட்டனில் 7,76,000 பெண்களை வைத்து 2022-ல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த தொகுப்பு 2024-ல் வந்தது. மூளைக் கட்டிக்கும் செல்போனுக்கும் தொடர்பு எதிலும் தெரியவில்லை. எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த சாட்சி அமெரிக்க அரசின் எலி ஆய்வு, 2018. இரண்டு வருஷம், நாளைக்கு ஒன்பது மணி நேரம், உடம்பு முழுக்கக் கிலோவுக்கு 6 வாட் வரை கொடுத்தார்கள். ஆண் எலிகளுக்கு இதயத்தில் அபூர்வக் கட்டி கூடியது. பெண் எலிகளில் அவ்வளவு தெளிவாக இல்லை, சுண்டெலிகளிலும் இல்லை. அலை வாங்கிய ஆண் எலிகள் வாங்காதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அந்த 6 வாட், இந்திய டவர் வரம்பைப் போல் 750 மடங்கு.

டவர் வந்ததிலிருந்து தலைவலி, தூக்கமில்லை என்பவர்களை நான் கேலி செய்யமாட்டேன். தலைவலி நிஜம். ஆனால் அலை ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லாமல் நடத்திய 46 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓடுகிறது என்று நம்பியபோது வலித்தது. வலிக்கக் காரணம் பயம் என்றால், பயத்தை விற்பவர்தான் அதற்குப் பொறுப்பு.

7. ‘ஜாக்கிரதையாக இருந்தால் என்ன நஷ்டம்?’ நிறைய.

நடுராத்திரி நெஞ்சுவலி வந்தவர் வீட்டில் 108-க்கு லைன் கிடைக்காதது நஷ்டம். 2020 ஏப்ரலில், 5ஜிதான் கொரோனாவைப் பரப்புகிறது என்று நம்பி பிரிட்டனில் டஜன் கணக்கில் டவர்களுக்குத் தீ வைத்தார்கள். அதில் ஒன்று பர்மிங்ஹாமில் கொரோனா நோயாளிகளுக்காக அமைத்த தற்காலிக மருத்துவமனைக்கு சிக்னல் கொடுத்த டவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க நேர்பவர் வீட்டாரோடு பேசுவதற்கான வழி அது.

ரேடியோ அலை மீது உண்மையாகவே புகார் சொல்ல உரிமை உள்ளவர்கள் வேறு சிலர். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவு 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி. அதைக் கண்டுபிடித்து, அந்தச் சரிவிலேயே 530 மீட்டர் நீளத்துக்கு 1,100 எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி, ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-ல் ஒரு ரேடியோ தொலைநோக்கியை முடித்தார்கள். அது கேட்கும் அலைகள் எவ்வளவு மெலிந்தவை? நிலாவில் ஒரு பழைய 2 வாட் செல்போனை வைத்தால், ரேடியோ வானத்தில் மிகப் பிரகாசமான சில பொருட்களின் வரிசையில் அது வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் ஒரு மர்மச் சமிக்ஞை தலைகாட்டிக்கொண்டிருந்தது. 2015-ல் மூலத்தைப் பிடித்தார்கள்: ‘டிங்’ அடிக்கும்வரை பொறுக்காமல் யாரோ கதவைத் திறந்த மைக்ரோவேவ் அடுப்பு, அதே வளாகத்தில். இரைச்சல் இவர்கள் காதைத்தான் அடைக்கிறது. இவர்களுக்காக யாரும் மனு எழுதுவதில்லை.

ஆசிரியருக்கு நான் சொன்னது இதுதான். மனுவை மாற்றி எழுதுங்கள். அந்தப் பழைய கட்டடம் டவரின் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளர் சான்று கேளுங்கள். ஜெனரேட்டரை பேட்டரியாக மாற்றச் சொல்லுங்கள். வாடகைக்கு விடுமுன் தெருவைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். டவர் வந்தபின்னும் அலை பற்றிச் சந்தேகம் தீரவில்லையென்றால் தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ தளத்தில் விண்ணப்பம் போடுங்கள். 4,000 ரூபாய் கட்டினால் நாம் சொல்லும் இடத்தில் வந்து அளந்து காட்டுவதாக அறிவித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் நாற்பது வீடு. வீட்டுக்கு நூறு ரூபாய். என் பங்கை அன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிட்டேன். அளவு வரம்பைத் தாண்டியிருந்தால் அடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.